தொட்டி வாங்காமல் ஒரு காய்கறித் தோட்டம்: சென்னை மாடிவீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் தோட்டம் போட நினைப்பவர் பெரும்பாலும் என்ன காய் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற தொட்டியைத் தேடிக் கடைக்குப் போகிறார். வீட்டில் கழிந்த பொருள்களைக் கொண்டே காய்கறி வளர்க்க வேண்டுமானால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கையில் இருக்கும் டப்பா எவ்வளவு ஆழம், எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்த்து, எந்தச் செடியின் வேர் அதில் அடங்குமோ அந்தச் செடியை விதைக்க வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாவில் தக்காளி நட்டு, அது இரண்டு பிஞ்சோடு வாடிப்போனதும் ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று தோட்டத்தையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைராசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தக்காளிச் செடி ஒன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் மண்கலவை வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது: நான்கடி அகலமுள்ள பால்கனி, அல்லது பொது மொட்டைமாடியில் ஒரு மூலை. பட்டங்களை, அதாவது விதைக்கும் பருவங்களை, சற்று மாற்றிக்கொண்டால் தமிழ்நாட்டுச் சமவெளியின் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

வெயிலை அளந்த பிறகே விதை

காய்க்கும் செடிகளான வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், கொடிவகைகள் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரைகளுக்கும் புதினா, கொத்தமல்லிக்கும் மூன்று அல்லது நான்கு மணி நேரம் போதும். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கொரு முறை பால்கனியில் எந்த இடத்தில் வெயில் விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையில் கோடிட்டுக்கொள்ளுங்கள். கோடுகள் அதிகம் விழுந்த இடம் காய்ச்செடிக்கும், மற்றவை கீரைக்கும் உரியவை.

ஒரு நாள் அளவை ஆண்டு முழுவதற்கும் நம்பக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. மார்கழியில் உள்ளறை வரைக்கும் வெயில் வந்த தெற்குப் பால்கனி, ஆனி மாதத்தில் நாள் முழுவதும் நிழலாக இருப்பதற்கு இதுவே காரணம். தெற்குப் பால்கனிக்காரர்கள் காய்ச்செடிகளைப் புரட்டாசிக்குப் பின்னரும், வடக்குப் பால்கனிக்காரர்கள் கோடைக்கு முன்னரும் தொடங்கினால் வெயில் அவர்கள் பக்கம் இருக்கும்.

எடையும் தளமும்

நடமாடுவதற்கான மொட்டைமாடித் தளத்தை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 கூறுகிறது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் எடை 30 கிலோவைத் தாண்டும்; ஒரு சதுர மீட்டரில் ஐந்து பக்கெட் வைத்தாலே கணக்கு முடிந்துவிட்டது. அந்த இடத்தில் நீங்களும் நிற்க வேண்டும். தேங்காய்நார்க் கழிவு (கோகோபீட்) கலந்த கலவையானால் எடை கணிசமாகக் குறையும். எனவே கனமான தொட்டிகளை நடுத்தளத்தில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். கட்டடம் பழையதாக இருந்து, கூரையில் ஏற்கெனவே விரிசலோ கசிவோ இருக்குமானால், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை கீரைப் பெட்டிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்தப் பாத்திரத்தையும் தளத்தின்மேல் நேரடியாக வைக்க வேண்டாம். இரண்டு செங்கல், அதன்மேல் பாத்திரம். அடியில் காற்றோட்டம் இருந்தால் தளம் காய்ந்துகொண்டே இருக்கும், பாசி பிடிக்காது, கீழ்வீட்டுக்காரரும் படியேறி வரமாட்டார். என் முதல் தோட்டம் செங்கல் வைக்காத காரணத்தால்தான் ஆறே மாதத்தில் கலைந்தது.

எந்தப் பொருளில் எந்தச் செடி

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான் என்பதால் ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம்.

மீன்கடையில் ஐஸ் போட்டு மீன் வரும் தெர்மோகோல் பெட்டி, கீரைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாத்திரம். அது வெப்பத்தை உள்ளே விடாது என்பதால் மே மாத வெயிலிலும் வேர் வேகாது, எடையும் கிடையாது. காலை வியாபாரம் முடிந்த நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். உப்பும் மீன் வாடையும் போக மூன்று நாள் தண்ணீர் நிரப்பிக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் தெருப்பூனைகள் அனைத்தும் உங்கள் மாடியில்தான் இருக்கும். 20 செ.மீ. ஆழம் இருந்தால் அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை, பாலக், வெங்காயத்தாள் ஆகிய எல்லாம் வளரும். வெளிப்பக்கம் வெயில் பட்டுப் பொடிந்து உதிரும் என்பதால் பழைய சேலைத்துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் தக்காளியோ கத்தரியோ ஒன்று நடலாம். மிளகாயானால் 10 லிட்டர் பக்கெட்டே போதும். சுவருக்கு அடிக்கும் நீர்வகைப் பெயிண்ட் இருந்த பக்கெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உட்புறம் காய்ந்து ஒட்டியிருக்கும் படலத்தை முழுவதும் உரித்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். எனாமல், தின்னர், வார்னிஷ், என்ஜின் ஆயில், பூச்சிமருந்து ஆகியவை இருந்த எந்த டப்பாவும், எத்தனை முறை கழுவினாலும், உணவுச் செடிக்கு ஆகாது.

தண்ணீர் கேனைப் பொறுத்தவரை ஒரு சிறு நியாயம் உண்டு: முன்பணம் கட்டி வாங்கிய கேன் விற்பவருடையது. விரிசல் விட்டு ஒதுக்கப்பட்ட கேன்களைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்ளலாம். கழுத்துப்பகுதியை அறுத்தெடுத்தால் ஓரடி ஆழத்துக்கு மேல் கிடைக்கும், கத்தரிக்கு ஏற்றது. படுக்கவைத்து மேற்பக்கத்தில் நீளவாக்கில் சாளரம்போல் வெட்டினால் முள்ளங்கிக்கும் கொத்தமல்லிக்கும் நல்ல தொட்டி. கேன் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் உட்சுவரில் பாசி படரும், வேரும் சுடும். வெளியே சுண்ணாம்பு அடித்தாலோ துணி சுற்றினாலோ இரண்டும் நிற்கும்.

25 கிலோ அரிசிச் சாக்கின் வாயை வெளிப்புறமாகச் சற்று மடித்துவிட்டால் அகலமான பை கிடைக்கும். பாகல், பீர்க்கு போன்ற கொடிகளுக்கு 25 முதல் 30 லிட்டர் கலவை வேண்டியிருப்பதால் அவற்றுக்கு இதுவே பொருத்தம். சுரைக்கு இரண்டு சாக்குகளை ஒன்றினுள் ஒன்றாகப் போட்டு 40 லிட்டருக்குக் குறையாமல் நிரப்புங்கள். வெள்ளை நெகிழிச் சாக்கு வெயிலில் நூல் நூலாகப் பிரியும். ஒரு பட்டத்துக்குமேல் அதை நம்ப வேண்டாம்.

வெண்டைக்கு ஒரு செடிக்கு 10 லிட்டர் போதும். ஆனால் ஒரு செடியில் இரண்டு நாளுக்கு ஒரு காய் வருவதே பெரிது. பொரியல் செய்யும் அளவுக்கு ஒரே நாளில் பறிக்க வேண்டுமென்றால் எட்டுச் செடிகளாவது வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் வெண்டையை விட்டுவிட்டு, இரண்டே செடியில் வீட்டுத் தேவையை நிறைவு செய்யும் மிளகாயை வைப்பது என் கருத்தில் புத்திசாலித்தனம்.

கொட்டாங்குச்சி, தயிர் டப்பா, அரை லிட்டர் பால்கவர் ஆகியவை நாற்று வளர்க்க மட்டுமே. உடைந்த பிளாஸ்டிக் குடம், கைப்பிடி போன வாளி, குழந்தை குளித்த பழைய டப் ஆகியவற்றை அவற்றின் கொள்ளளவுக்கேற்ப மேற்சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். டயரை நான் பரிந்துரைப்பதில்லை: அதன் உள்வளைவில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், வெயிலில் ரப்பரும் கொதிக்கும்.

துளையிடுதல்

பாத்திரத்தின் அடிமட்டத்தில் மட்டும் துளையிட்டால் அது செங்கல்லில் உட்கார்ந்ததும் அடைபடும். பக்கச் சுவரில், அடியை ஒட்டினாற்போல் சுண்டுவிரல் பருமனில் நான்கு துளைகளும், அடியில் மூன்று துளைகளும் இடுங்கள். பழைய ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் சூடாக்கிக் குத்தினால் எளிதில் இறங்கும். எழும் புகை உடலுக்குக் கேடு என்பதால் வெட்டவெளியில் நின்று செய்ய வேண்டும். துளைகளின்மேல் கைப்பிடியளவு தேங்காய் நாரைப் பரப்புங்கள், மண் வெளியேறாது.

அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. ஜல்லிக்கு மேலேயே தங்கி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. ஜல்லி எடையைக் கூட்டி ஆழத்தைக் குறைப்பதோடு சரி.

மண்கலவை

கன அளவில் இரண்டு பங்கு தேங்காய்நார்க் கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய உரம் என்பது மாடிக்கு ஏற்ற எளிய கலவை. வீட்டு மக்குரம் தயாராகும்வரை மண்புழு உரமோ நன்கு மக்கிய மாட்டெருவோ பயன்படுத்தலாம். 20 லிட்டர் கலவைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைச் சேர்த்தால் வேரைத் தாக்கும் பூச்சிகளும் நூற்புழுவும் குறையும்.

நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால், 5 கிலோ கட்டி சுமார் 20 லிட்டர் தண்ணீரைக் குடித்து 60 லிட்டருக்குமேல் உப்பிவிடும். கட்டியைப் பார்த்துப் போதாது என்று இரண்டாவது வாங்கிவிடாதீர்கள். உப்பியபின் பழைய துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடி நனைத்து, மறுபடி பிழியுங்கள். வெளியேறும் நீரின் செந்நிறம் வெளுக்கும்வரை செய்ய வேண்டும். நாரில் இருக்கும் உப்பு இப்படித்தான் போகும். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்களின் நாற்றுகள் இலைநுனி கருகி நிற்பதைக் காணலாம். கலவையைப் பாத்திரத்தில் நிரப்பி, ஈரம் காயாமல் பத்து நாள் வைத்திருந்து அதன் பிறகே விதைக்க வேண்டும்.

சமையலறைக் கழிவை உரமாக்க இரண்டு பக்கெட் போதும். முதல் பக்கெட்டின் அடியிலும் சுவரிலும் துளையிட்டு, அடியில் காய்ந்த இலையோ கிழித்த செய்தித்தாளோ நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். அன்றாடக் காய்த்தோலைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, போட்ட அளவுக்குக் காய்ந்த இலையாலோ நார்க்கழிவாலோ மூடுங்கள். வாரம் ஒருமுறை புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். மூன்று நாளுக்கொரு முறை கிளறிவிட வேண்டும். பக்கெட் நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். 45 முதல் 60 நாளில் முதல் பக்கெட்டில் இருப்பது கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள், காய்ந்த இலையைக் கூட்டுங்கள். எண்ணெய்ப் பண்டம், இறைச்சி, மீன்முள், மீந்த சாம்பார் ஆகியவை இதில் சேரக்கூடாது. தடித்த சாம்பல்நிறப் புழுக்களைக் கண்டு பலர் பக்கெட்டையே தூக்கி எறிகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று வேலையை விரைவுபடுத்துபவை, செடிக்கோ மனிதருக்கோ தீங்கு செய்யாதவை.

முட்டை ஓட்டைப் பொடித்துக் கலவையில் சேர்ப்பதில் தவறில்லை என்றாலும், அது கரைய மாதக்கணக்கில் ஆகும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் உடனே முட்டை ஓடு போடுபவர்கள், தண்ணீர் ஊற்றிய முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: ஒரு நாள் வெள்ளம், இரு நாள் வறட்சி என்று மாறிமாறி நடந்தால் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது.

விதைப்பும் பட்டமும்

புதிதாகத் தொடங்குபவர்கள் கீரையோடு தொடங்குங்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அந்த ஒரு கட்டுக் கீரை தரும் ஊக்கம் சிறிதல்ல. விதை பொடியாக இருப்பதால் நான்கு பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய கலவைப் படலம் போட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழைக்கும்.

கீரைக்காரம்மாவிடம் வாங்கும் பொன்னாங்கண்ணி, புதினா, கொடிப்பசலை ஆகியவற்றின் தண்டைச் சாய்வாக நட்டாலே வேர் பிடிக்கும். அஞ்சறைப்பெட்டித் தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து விதைத்தால் பத்து நாளில் கொத்தமல்லி முளைக்கும், வெந்தயம் அதற்கும் முன்னதாக. கடைத் தக்காளியிலிருந்து எடுத்த விதை பெரும்பாலும் கலப்பின வகை என்பதால் தாய்க்காயைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது; பி.கே.எம். 1 போன்ற, கலப்பினமல்லாத தக்காளி ரகத்தை விதையாக வாங்கினால் அடுத்த ஆண்டுக்கு நீங்களே விதை எடுத்துக்கொள்ளலாம். வெண்டையில் அர்கா அனாமிகா அப்படிப்பட்ட ரகம். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு வழங்கும் காலங்களில் விதையும் அதில் சேர்ந்தே வரும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மாடிக்கும் பொருந்தும். வெண்டை, கத்தரி, கொத்தவரை, கொடிகள் ஆகிய அனைத்தையும் ஆடியில் தொடங்கலாம். தவறினால் தை, மாசியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. தக்காளியை மட்டும் சென்னையில் ஆடியில் போட நான் தயங்குவேன். அது பூத்துக் காய்க்கும் நேரத்தில் ஐப்பசி மழை கொட்டித் தீர்க்கும். நவம்பரில் கூரைக்கடியில் நாற்று விட்டு, 25 முதல் 30 நாள் நாற்றை மழை ஓய்ந்து வரும் டிசம்பரில் நட்டால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பறிக்கலாம். ஏப்ரலுக்குப் பிறகு வெப்பத்தில் பூக்கள் உதிரும்; அப்போது எந்த உரம் போட்டும் பயனில்லை.

தண்ணீர்

விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பது நார்க்கழிவின் இயல்பு என்பதால், கண்ணால் பார்த்து ஊற்றுபவர்கள் வேரை அழுகவைத்துவிடுகிறார்கள். ஊற்றும் நேரம் காலை எட்டு மணிக்கு முன். அக்னி நட்சத்திர நாள்களில் மாலையிலும் ஒருமுறை.

அரிசி களைந்த நீரும், ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் செடிக்கு நல்லவை. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு செறிந்திருக்கும்; அதைத் தினமும் ஊற்றினால் சில மாதங்களில் மண்ணின்மேல் வெள்ளைப் பூப்பு தெரியும். அந்த நீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போவதானால், ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பி, பழைய பருத்திச் சேலையிலிருந்து கிழித்த திரியின் ஒரு முனையைப் பாட்டிலின் அடிவரை விட்டு, மறுமுனையைச் செடியின் வேரருகே இரண்டங்குல ஆழத்தில் புதையுங்கள். பாட்டில் தொட்டியின் மண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். தொட்டிக்கடியில் தட்டு வைத்திருந்தால் வாரத்துக்கொரு முறை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். கொசு, முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதே அந்த ஒரு வாரத்தின் கணக்கு.

பூவும் பூச்சியும்

உயரமான மாடிகளுக்குத் தேனீக்கள் அரிதாகவே வருகின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய் பூத்திருக்கும்போது காலையில் தண்டை விரலால் சுண்டிவிட்டால் மகரந்தம் தானாக உதிரும். பாகலில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் குட்டிப் பாகற்காய் தெரியும். காலை ஒன்பது மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் தொட்டுத் தேய்க்க வேண்டும். ‘பூக்கிறது, காய்ப்பதில்லை’ என்ற முறையீட்டில் பெரும்பாலானவை இதனால் தீர்ந்துவிடும்.

செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியும் அசுவினியும் தெரிந்தவுடன் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதே முதல் மருந்து. பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயையும் சில துளி திரவ சோப்பையும் நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்; வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்துகொண்டுதான் இருக்கும். பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மி.லி. கலந்து பதினைந்து நாளுக்கொரு முறை தெளிக்கலாம். மீன்கழிவும் வெல்லமும் சம எடையில் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலமும் நல்ல வளர்ச்சியூக்கிதான். ஆனால் மூடியைத் திறக்கும் நாளில் அக்கம்பக்கத்தாரோடு உங்களுக்கிருக்கும் உறவையும் எண்ணிப் பாருங்கள்.

காய்ப்பு முடிந்த பிறகு

செடி ஓய்ந்ததும் கலவையைக் கொட்டாதீர்கள். பழைய போர்வையில் பரப்பி, தடித்த வேர்களைப் பொறுக்கி எடுத்து, நான்கு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். வந்த அளவில் நான்கில் ஒரு பங்கு புதிய மக்குரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் அடுத்த பட்டத்துக்கு ஆகிவிடும். தக்காளி இருந்த கலவையில் உடனே கத்தரியோ மிளகாயோ வைக்க வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் நோயும் ஒன்றே. அந்தப் பக்கெட்டில் கொத்தவரையோ காராமணியோ விதைத்தால் அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துவைக்கும், காய்ப்பு முடிந்ததும் செடியை அடியோடு அறுத்து வேரை மண்ணிலேயே விட்டுவிடலாம்.

இதே நேரத்தில் பாத்திரங்களையும் ஒருமுறை பாருங்கள். நூல் பிரியத் தொடங்கிய சாக்கையும் பொடிந்த தெர்மோகோலையும் இன்னொரு பட்டத்துக்கு இழுக்காமல், துகள்கள் மண்ணில் கலக்கும் முன்பே குப்பை பிரித்து வாங்க வருபவரிடம் உலர் கழிவாகக் கொடுத்துவிட்டு, அடுத்த பெட்டிக்கு மீன்கடையில் சொல்லிவையுங்கள்.